காலிபோரே நோட்டு பிறந்த கதை

காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவதற்கு முன், கர்நாடகத்துக் காட்டுக்குள், பீமேஸ்வரிக்குப் பக்கத்தில் காலிபோரே என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஒரு தூண்டில் முகாம் நடந்துவந்தது. எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எத்தனை மீன் மாட்டியது, ஒவ்வொன்றும் எத்தனை பவுண்டு என்று முகாமின் பதிவேட்டில் எழுதிவைப்பது வழக்கம். பிடித்த மீன் எதுவும் முகாமுக்கு வராது. எடை பார்த்ததும் அதே தண்ணீரில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே கட்டளை. 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அந்தப் பக்கங்கள்தான், காவிரியின் மிகப் பெரிய மீன் வாரிசில்லாமல் அழிந்துகொண்டிருக்கிறது என்ற செய்தியை வெளியுலகுக்குச் சொல்லின.

எழுதியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் கிடையாது. லீவு போட்டுவிட்டு, சொந்தக் காசைச் செலவழித்து, பெரிய மீன் ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் வந்தவர்கள். அவர்கள் கையில் ஓர் ஆராய்ச்சி எப்படிப் பிறந்தது என்பதுதான் இங்கே நான் சொல்ல வருவது. குமணன்சாவடியில் உட்கார்ந்துகொண்டு காவிரி மீனைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் மீன். மஹசீர் என்று பொதுவாகச் சொல்லப்படுவது கெண்டைக் குடும்பத்து ஆற்று மீன். பெரிய பெரிய செதில், தடித்த உதடு. பாறையும் மடுவும் உள்ள ஓடும் தண்ணீர்தான் அதற்குப் பிடித்த வீடு. பாபநாசம் படித்துறையில் பொரிக்கு மொய்க்கும் மீன்களைப் பார்த்தவர்களுக்கு இந்த இனம் பழக்கமானதுதான். காவிரிக்கே உரிய வகைக்குத் தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பி நிற்கும். துடுப்புகள் ஆரஞ்சு நிறம். திமில் மஹசீர் என்றே அதை இங்கே அழைக்கிறேன். காவிரியிலும் அதில் வந்து விழும் கபினி, பவானி, மோயாறு, பாம்பாறு போன்ற ஆறுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இந்த மீன் கிடையாது.

வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே இதன் புகழ் பரவிவிட்டது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு புத்தகமே எழுதினார். மஹசீரைத் தேடித் துரைமார்கள் ஆற்றங்கரைகளில் கூடாரம் போட்டதற்கு அந்தப் புத்தகமும் ஒரு காரணம். 1919-ல் ரிவெட்-கார்னாக் என்ற ராணுவ அதிகாரி காவிரியில் 119 பவுண்டு மீனைப் பிடித்தார். 1946-ல் மைசூரின் வான் இன்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் கபினியில் 120 பவுண்டு மீனைப் பிடித்தார். கிலோக் கணக்கில் ஐம்பத்து நாலைத் தாண்டும். புலி, சிறுத்தைத் தோல்களைப் பாடம் செய்து தருவதில் உலகப் பெயர் பெற்ற குடும்பம் அது. அந்தக் காலத்தில் பிடித்த பெரிய மீன் சுவரில் மாட்டும் பொருளாகப் போய்ச் சேர்வதும் சகஜம்.

அந்தக் காலத்துக் குறிப்புகளில் பெரிய மீன் மட்டும்தான் இருக்கும். ஒருவர் பத்து நாள் ஆற்றில் நின்று வெறுங்கையோடு திரும்பியிருந்தால் அது எங்கும் எழுதப்படவில்லை. ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டுக் குஞ்சுகளை யாரும் எண்ணவில்லை. ஆகவே ஆற்றில் அப்போது எவ்வளவு மீன் இருந்தது என்று அந்தப் பெருமைக் குறிப்புகளை வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது. காலிபோரே நோட்டு வேறு ஜாதி. அது பிறக்க, மீன் பிடிப்பவர்களின் மனசே முதலில் மாற வேண்டியிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு மஹசீரைப் பற்றிய பேச்சு மெல்ல அடங்கியது. அணைகள் வந்தன. கிருஷ்ணராஜசாகரும் மேட்டூரும் முன்பே ஆற்றை மறித்துவிட்டிருந்தன. முட்டையிட மேலேறும் மீனுக்கு வழி இல்லாமல் போனது. வெடி போட்டு மீன் பிடிப்பது இன்னொரு பக்கம். வெடியையும் விஷத்தையும் 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடை செய்துவிட்டது. இருந்தாலும், ஆள் நடமாட்டமில்லாத மடுவில் ஒரு தோட்டா வெடித்தால் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? பெரிய மீன் ஒன்றுக்காக எறியப்படும் அந்த வெடியில் மடுவில் உள்ள குஞ்சு குளுவான் எல்லாம் சேர்ந்து சாகும்.

1972-ல் பெங்களூரில் தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் தொடங்கப்பட்டது. தூண்டில் பிரியர்கள் நிறைந்த சங்கம் அது. காவிரியின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்து, காவல் போட்டு, மீனைக் காப்பாற்றும் வேலையை எடுத்துக்கொண்டார்கள். 1970-களின் பிற்பகுதியில் மார்ட்டின் கிளார்க், ராபர்ட் ஹோவிட் முதலிய ஆங்கிலேய இளைஞர்கள் சிலர், இந்தியாவில் பெரிய மஹசீர் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு காவிரிக்கு வந்தார்கள். இருந்தது. அவர்கள் பிடித்த மீன்களின் படங்கள் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த பிறகு காவிரியைத் தேடி உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகளி ஆகிய இடங்களில் முகாம்களை நடத்தியது.

முகாம் வந்ததும் ஆற்றங்கரைப் பொருளாதாரம் தலைகீழாகியது. அதுவரை ஒரு பெரிய மஹசீர் செத்தால்தான் காசு. சந்தையில் கிலோக் கணக்கில் விற்கலாம். இப்போது அதே மீன் உயிரோடு ஆற்றில் இருந்தால்தான் அதைத் தேடி விருந்தாளி வருவார். நேற்று வெடி போட்டுக்கொண்டிருந்தவர்களில் பலரை முகாம்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலைக்கு எடுத்தன. எந்தப் பாறைக்குக் கீழே மீன் பதுங்கும், எந்த மாதம் எந்த மடுவில் நிற்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். காவலுக்கும் அவர்களைவிடப் பொருத்தமானவர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். காவிரி மஹசீரைக் காப்பாற்றிய வரலாற்றில் இந்த ஆட்களுக்கு வெளிநாட்டு விருந்தாளிகளைவிட உயர்ந்த இடம் தர வேண்டும் என்பது என் எண்ணம்.

அங்கே மீன் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். இரை, கேழ்வரகு மாவு. கெட்டியாகக் களி கிண்டி, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, முள்ளை உள்ளே புதைத்து, ஈயக்குண்டு கட்டி நீரோட்டத்துக்குக் கீழே கிடக்கும்படி எறிய வேண்டும். பெரிய மீன் கவ்வினால் நரம்பை இழுத்துக்கொண்டு நீரோட்டத்தோடு கீழே பாயும், பாறை இடுக்கில் நுழைந்து நரம்பை அறுக்கப் பார்க்கும். பரிசலில் ஏறிப் பின்னாலேயே துரத்த வேண்டியிருக்கும். மீன் தளர்ந்து கரையோரம் வந்ததும் வழிகாட்டி தண்ணீரில் இறங்குவார். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். மீன் உடம்பில் இருக்கும் அந்த வழவழப்பு அதற்கு ஒரு காப்பு. காய்ந்த கையோ மணலோ பட்டு அது உரிந்தால் கிருமி புகுந்து, நாலு நாள் கழித்து யாரும் பார்க்காத இடத்தில் மீன் செத்துப்போகும். முள்ளை எடுத்து, துணித் தொட்டிலில் கிடத்தி எடை பார்த்து, தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்க வேண்டும். வாய் வழியாகப் புகும் தண்ணீர் செவுள் வழியாக வெளியேறும். தள்ளிவிடக் கூடாது. மீனுக்குத் தெம்பு வந்து, பிடித்திருக்கும் கையை உதறிக்கொண்டு அதுவாகப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகுதான் நோட்டு. மீனைக் கொன்று சுவரில் மாட்டிய காலத்தில் சாட்சிக்கு மீனே இருந்தது. மீனை விட்டுவிட்ட பிறகு, பிடித்ததற்குச் சாட்சி ஒரு புகைப்படமும் ஏட்டில் ஒரு வரியும்தான். விருந்தாளிக்கு அது நினைவுக் குறிப்பு, முகாமுக்கு அது கணக்கு. அதில் ஆராய்ச்சி ஒளிந்திருக்கிறது என்று எழுதும்போது யாருக்கும் தோன்றியிருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் அதில் ஒரு நல்ல பழக்கம் சேர்ந்துகொண்டது. பெரிய மீன், சின்ன மீன் எல்லாமே எழுதப்பட்டன. எத்தனை மணி நேரம் முயன்றார்கள் என்பதும் எழுதப்பட்டது.

இங்கிலாந்தின் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், ராபர்ட் பிரிட்டன், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் ஆகியோர் இந்தப் பதிவுகளை எடுத்து ஆராய்ந்தார்கள். பிண்டர் தூண்டில்காரரும் ஆவார். மஹசீருக்கென்றே ஓர் அறக்கட்டளையை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. 2015-ல் அவர்களின் கட்டுரைகள் வந்தன. ஏறத்தாழ 23,600 மணி நேர முயற்சி. 6,100-க்கும் மேற்பட்ட மஹசீர்கள். சின்னது ஒரு பவுண்டு, பெரியது 104 பவுண்டு. ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு ஒரு மீன் என்று ஆகிறது. இத்தனை மணி நேரம் ஓர் ஆராய்ச்சிக் குழு சம்பளம் கொடுத்து ஆட்களை ஆற்றில் நிறுத்த வேண்டும் என்றால் எந்த அரசாங்கமும் பணம் ஒதுக்காது. அந்தப் பாறைகளுக்கும் வேகத்துக்கும் நடுவே வலை விரித்து ஆராய்வதும் நடக்கிற காரியமா?

மணி நேரம் எதற்கு என்று கேட்கலாம். இந்த வருடம் நூறு மீன், அடுத்த வருடம் இருநூறு மீன் என்றால் மீன் பெருகிவிட்டது என்று அர்த்தமில்லை. இரண்டு மடங்கு ஆட்கள் வந்திருக்கலாம். மீனை நேரத்தால் வகுத்தால்தான் ஆற்றின் நிலைமை தெரியும். மீன்வள அறிவியலில் இதை முயற்சி அலகுக்கான பிடிப்பு என்பார்கள். தூண்டில்காரர் எழுதும் வரியில் மீனின் எடையைவிட நேரத்தின் கணக்குத்தான் முக்கியம்.

அப்படி வகுத்துப் பார்த்தபோது முதலில் கிடைத்தது நல்ல செய்தி. ஆண்டுக்கு ஆண்டு ஒரு மணி நேரத்துக்குக் கிடைக்கும் மீன் கூடிக்கொண்டே வந்தது. சராசரி எடை குறைந்தது. குட்டி மீன்கள் நிறையப் பிறந்து சேர்கின்றன, ஆறு செழித்திருக்கிறது என்று பொருள். காவலுக்கு இதைவிட நல்ல சான்றிதழ் வேறென்ன? ஆனால் பதிவுகள் இரண்டு வகை மஹசீரையும் பிரித்துச் சொல்லின. பிடிபட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நீலத்துடுப்பு மஹசீர். அது காவிரியின் சொந்த மீன் கிடையாது. மகாராஷ்டிரத்தில் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனம் நடத்திய குஞ்சுப் பொரிப்பகத்திலிருந்து, 1970-களில் தொடங்கி, குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்பட்டது. மஹசீர் குறைகிறது, குஞ்சு விட்டுப் பெருக்குவோம் என்ற நல்லெண்ணம்தான். அப்போது எல்லா மஹசீரும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது.

மீதி ஐந்து சதவீதம்தான் திமில் மஹசீர். அதைத் தனியே பிரித்துப் பார்த்தால் கணக்கு நேரெதிர். ஆண்டுக்கு ஆண்டு குறைவாகக் கிடைக்கிறது. கிடைக்கிற ஒவ்வொன்றும் முன்பைவிடப் பெரிதாக இருக்கிறது. தூண்டில் போடுகிறவருக்கு அது திருவிழா. ஐம்பது பவுண்டு, அறுபது பவுண்டு என்று படம் பிடித்துக்கொள்ளலாம். உயிரியல் படித்தவர் அதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். பெரிய மீன் மட்டும் வருகிறது என்றால் சின்ன மீன் இல்லை என்று அர்த்தம். குஞ்சு பிறக்கவில்லை, அல்லது பிறந்தது வளர்வதற்குள் போய்விடுகிறது. இளைஞர்கள் இல்லாமல் தாத்தா பாட்டிகள் மட்டும் மிஞ்சிய கிராமம்போல் ஆகிவிட்டிருந்தது அந்த மடு. தாத்தாக்கள் இருக்கிற வரை ஊர் இருப்பதுபோலத் தோன்றும்.

முகாமில் ஒவ்வொருவரும் தன் மீனைத்தான் பார்த்தார்கள். ஒருவர் பார்த்த மீனில் இந்த ஆபத்து தெரிந்திருக்காது. பதினைந்து ஆண்டுப் பக்கங்களைச் சேர்த்து வைத்தபோதுதான் தெரிந்தது.

அடுத்து ஒரு சங்கடம் வந்தது. அழிகிறது என்று சொல்ல வேண்டிய மீனுக்கு அறிவியலில் ஒரு நிச்சயமான பெயர் இல்லை. நூற்றைம்பது வருடமாக உலகப் புகழ் பெற்ற மீன்! பெயரில்லாத உயிருக்கு உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் இடம் கிடையாது. மோயாற்றில் கிடைத்த திமில் மஹசீர்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்த குழு, 2018-ல் பிளாஸ் ஒன் இதழில் முடிவைச் சொன்னது. கேரளத்தின் சின்னாறு பகுதியில், காவிரியோடு சேரும் பாம்பாற்றிலிருந்து டோர் ரெமாதேவி என்று 2007-ல் பெயரிடப்பட்ட சின்ன மீன்களும் காவிரியின் இந்த ராட்சத மீனும் ஒரே இனம்தான். அந்தக் குழுவில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் மணிமேகலனும் இருந்தார். பெயருக்கு உரிய கே. ரெமாதேவி, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்த மீனியல் அறிஞர். உலகத்தின் மிகப் பெரிய மஹசீர்களில் ஒன்று சென்னையில் பணியாற்றிய ஒரு பெண் விஞ்ஞானியின் பெயரைத் தாங்கியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சொல்ல வேண்டிய செய்தி இது. அதே 2018-ல் அந்த மீன் அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் செம்பட்டியலில் சேர்ந்தது.

இவ்வளவும் வெளியான நேரத்தில் நோட்டு நின்றுபோயிருந்தது. அந்தக் கரைக்காடு 1987-லேயே காவிரி வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. சரணாலயத்துக்குள் மீனைப் பிடித்துவிட்டு விடுவதும் வேட்டைதான் என்று 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருள் கொள்ளப்பட்டது. தூண்டில் முகாம்கள் ஒவ்வொன்றாக நின்றன. 2012-க்குப் பிறகு காலிபோரேயில் எழுத ஆள் இல்லை.

தடை சரியா, தவறா? மனசாட்சியோடு யோசிக்க வேண்டிய கேள்வி. முள் குத்தினால் மீனுக்கு வலி இல்லை என்று நான் வாதாட மாட்டேன். குடகில் காவிரியின் நீலத்துடுப்பு மஹசீரைத் தூண்டிலில் பிடித்து ரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளியானது. பெரும்பாலும் முள் வாயில்தான் மாட்டுகிறது, பெரிய காயம் குறைவு, ஆனால் எவ்வளவு நேரம் போராட விடுகிறோமோ அவ்வளவுக்கு உடம்பு சோர்ந்துபோகிறது என்று அது காட்டியது. தொல்லை உண்டு, சரியாகக் கையாண்டால் மீன் தாங்கிக்கொள்கிறது. மறுபக்கம், முகாம் போனதும் கரையில் இருந்த கண்களும் போயின. காவலர்களுக்கும் வழிகாட்டிகளுக்கும் கூலி போனது, பதிவும் போனது. சரணாலயம் என்று பலகை வைத்தால் மட்டும் வெடி நின்றுவிடாது. எண்ணிப் பார்க்க வழியே இல்லாமல் ஒரு மீனைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. கடும் நிபந்தனையோடு, வனத்துறையின் கண்காணிப்பில், ஆராய்ச்சிக்காக மட்டும் அந்தத் தூண்டில்கள் திரும்ப வர வேண்டும் என்பது என் கட்சி. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் 2014-ல் காவிரி வடக்குச் சரணாலயமும் 2022-ல் காவிரி தெற்குச் சரணாலயமும் வந்துவிட்டன. ஆற்றின் இரு கரையும் இப்போது வனத்துறையின் கையில். செய்ய நினைத்தால் செய்யலாம்.

வெளிநாடுகளில் இது புதுசு இல்லை. அமெரிக்காவில் உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தின் பிராங்க் மேதர், 1954-லேயே தூண்டில்காரர்கள் கையில் அடையாளக் குறிகளைக் கொடுத்து, பிடித்த பெரிய சூரை மீன்களில் குத்தி விடச் சொன்னார். அமெரிக்கக் கரையில் குறி குத்தி விட்ட மீன் பிற்பாடு ஐரோப்பாப் பக்கம் பிடிபட்டபோது, சூரை அட்லாண்டிக் கடலையே கடக்கிறது என்று தெரிந்தது. 1962-ல் சுறாக்களுக்கும் அதேபோல் ஒரு திட்டம் தொடங்கியது. அது பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. எனக்கு மிகவும் பிடித்தது புளோரிடாவில் டார்பன் என்ற பெரிய மீனுக்காகச் செய்தது. பாத்திரம் தேய்க்கும் சொரசொரப்பான பஞ்சு இருக்கிறதே, அதில் ஒரு சின்னத் துண்டு. பிடித்த மீனின் தாடையில் அதை லேசாகத் தேய்த்து, மருந்து ஊற்றிய குப்பியில் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான். ஒட்டிக்கொண்ட தோல் அணுக்களில் இருக்கும் மரபணு, அந்த மீனின் கைரேகை. அடுத்த முறை அதே மீனை இன்னொருவர் இன்னோர் ஊரில் பிடித்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். மீனைத் தண்ணீரைவிட்டு எடுக்கவே வேண்டாம்.

இனி குமணன்சாவடி.

இங்கிருந்து மாங்காடு வழியாகக் குன்றத்தூர் போகும் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பாருங்கள். பைக்கில் இரண்டு பேர்; பின்னால் இருப்பவர் தோளில் ராடு. செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றோடு சேரும் பக்கத்துக்குப் போகிறார்கள். ஏரி திறந்துவிட்டால் கூட்டம் சொல்லி மாளாது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி அது. 2015 டிசம்பரில் நொடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்று ஊரே நினைவில் வைத்திருக்கிறது. எவ்வளவு தண்ணீர் வந்தது, போனது என்பதற்கு நாள்வாரியாகக் கணக்கு உண்டு. அந்தத் தண்ணீரில் என்ன மீன் இருந்தது, எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்பதற்குத் தூண்டில் போடுகிறவர்களின் வாய்ப்பேச்சுதான் கணக்கு.

போன மழைக்குப் பிறகு கரையில் ஒரு பையனிடம் கேட்டேன்.

“என்ன தம்பி, மாட்டுச்சா?”

“காலைல இருந்து ஒண்ணும் இல்லண்ணா. ரெண்டு ஜிலேபி. ஒரு டேங்க் கிளீனர், அத தூக்கிப் போட்டாச்சு.”

அந்தப் பதிலில் எவ்வளவு தகவல் இருக்கிறது! ஜிலேபி என்று நாம் சொல்லும் திலாப்பியா ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று ஏரி குளமெல்லாம் நிறைந்துவிட்டது. டேங்க் கிளீனர் தென்னமெரிக்க மீன். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துச் சலித்தவர்கள் ஏரியில் விட்டது. காலையிலிருந்து மாட்டிய மூன்றும் வெளியூர் மீன். விரால், கெளுத்தி, நம் நாட்டுக் கெண்டைகள் ஒன்றும் இல்லை. இதே பதில் ஐந்நூறு ஞாயிற்றுக்கிழமைக்கு, ஐம்பது பேரிடமிருந்து, நேரக் கணக்கோடு எழுதிக் கிடைத்தால் அதுவும் ஒரு காலிபோரே நோட்டுதான்.

எல்லா மீனையும் திரும்ப விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஜிலேபியைக் குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். டேங்க் கிளீனரையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் தண்ணீரில் திரும்ப விடவே கூடாது. விட வேண்டியது நம் மீன், அதுவும் குஞ்சு காக்கும் நேரத்தில். தண்ணீரின் மேல் செக்கச்செவேலென்று பொடிக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், அடியில் தாய் தகப்பன் விரால் காவல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் கோபத்தில் எதையும் கடிக்கும், சுலபமாக மாட்டும். அப்படி மாட்டினால் கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து அங்கேயே விட்டுவிடுங்கள். பெற்றவர்கள் போனால் அந்தக் குஞ்சுக் கூட்டம் மற்ற மீனுக்கு இரையாகிவிடும்.

குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், மாங்காடு, பூந்தமல்லிப் பக்கத்துத் தூண்டில்காரர்களிடம் நான் கேட்பது இதுதான். மீன் பிடிக்க அனுமதி உள்ள இடத்துக்குப் போகும்போது ஒரு கோடு போட்ட நோட்டு எடுத்துப் போங்கள். தேதி, இடம், எத்தனை மணிக்குத் தூண்டில் போட்டீர்கள், எத்தனை மணிக்கு எடுத்தீர்கள், என்ன இரை. பிடித்த மீனின் பெயர், அடி ஸ்கேலை வைத்து அளந்த நீளம், விட்டதா எடுத்ததா. பெயர் தெரியாவிட்டால் ஒரு படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். கல்லூரியில் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் மாட்டாத நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தீர்கள் என்று எழுதி, மீன் என்ற இடத்தில் பூஜ்யம் போடுங்கள்.